வெறுங்கால் வீரர் சிவநாத் சிங்

மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டு போன் வந்தபோது, பின்னலாடைத் தொழில் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவிநாசிபாளையத்தில் வீடு, பனியன் கம்பெனியில் மெயின்டெனன்ஸ் இன்ஜினியர் வேலை. எழுத விஷயத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதைப் பற்றி என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் நம் பழைய மாணவர்களில் நூறு பேராவது இருப்பார்கள். அதனால் வேறு யாரும் எழுத மாட்டார்கள் என்று தைரியமாக நம்பக்கூடிய ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். அவர் சிவநாத் சிங். மராத்தான் ஓட்டக்காரர்.

நம் கல்லூரி மைதானத்தில் நான்கு வருடம் ஓடியிருக்கிறேன். மில்கா சிங் கதையை சீனியர்கள் சொல்லக் கேட்டதுண்டு. பி.டி.உஷாவைத் தெரியாதவர் கிடையாது. சிவநாத் சிங் பெயரை மட்டும் ஒருநாளும் அங்கே கேட்டதில்லை. படிப்பு முடிந்து பல வருடம் கழித்து, என் சொந்தத் தலைவலி ஒன்றுக்கு மருந்து தேடப் போய்த்தான் அவரைக் கண்டேன்.

தலைவலி இதுதான். முழு மராத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். நான் அதை நான்கு முறை ஓடி, நான்கு முறையும் 3 மணி 41 நிமிடத்துக்கும் 44 நிமிடத்துக்கும் நடுவிலேயே மாட்டிக்கொண்டேன். புதிதாக ஓட ஆரம்பிப்பவனுக்கு ஒவ்வொரு தடவையும் நேரம் தானாகவே குறையும். நாலைந்து வருடம் ஓடியவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. வாரத்துக்கு இன்னும் 15 கிலோமீட்டர் கூட்டிப் பார்த்தேன். முழங்கால் வலிதான் கூடியது. விடியற்காலையில் நால்ரோட்டு டீக்கடையில் ஒரு பெரியவர், தினமும் இப்படி ஓடறீங்களே, எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா என்று அக்கறையாகவே கேட்டார். தொலைத்தது 11 நிமிடம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது! 3 மணி 30 நிமிடம் என்ற இலக்குக்கும் எனக்கும் இருந்த தூரம் அவ்வளவு.

சிவநாத் சிங்குக்கும் ஒரு காலத்தில் இப்படி ஒரு தூரம் இருந்தது. அவர் தொலைத்தது 4 நிமிடம் 22 வினாடி. அதை இரண்டே வருடத்தில் மீட்டார். அந்தக் கதைதான் இது.

பீகாரில் பக்ஸர் பக்கம் மஜ்ஹரியா என்ற கிராமத்தில் 1946 ஜூலை 11 அன்று பிறந்தவர். கங்கைக் கரைச் சீமை. ராணுவத்தில் சேர்ந்தார். அங்கே ஓட்டக்காரராக வளர்ந்தார். பெரும்பாலும் வெறுங்காலோடு ஓடுவதுதான் அவருக்குப் பிடித்தது. இன்றைக்கு ஷூ வாங்குவதற்கே பதினைந்தாயிரம் ரூபாய் எடுத்து வைக்கிற நம்மைப் போன்றவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

அவரை முதலில் ஊரறியச் செய்தது மராத்தான் இல்லை. 1974-இல் டெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டில் 5,000 மீட்டரில் தங்கம் வாங்கினார், 10,000 மீட்டரில் வெள்ளி வாங்கினார். இந்த வரிசையை மாணவத் தம்பிகள் கவனிக்க வேண்டும். முதலில் டிராக்கில் பன்னிரண்டரைச் சுற்று, 25 சுற்று ஓட்டங்களில் ஆசியாவின் முன்னணிக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் தார் ரோட்டுக்குப் பெரிய அளவில் இறங்கினார். நான் செய்தது நேர் எதிர். 5 கிலோமீட்டரை வேகமாக ஓடத் தெரியாமலேயே 42-க்குப் போனவன் நான். இப்போது ஊர் ஊராக ஓடுகிற நம் வயதுக்காரர்கள் பலரும் அப்படித்தான்.

1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸ். நம் நாட்டுக்கு அந்த ஒலிம்பிக்ஸ் என்றாலே ஹாக்கிதான் ஞாபகம் வரும். முதல் தடவையாகச் செயற்கைப் புல்தரையில் ஆடி, 7-ஆம் இடத்துக்குப் போய், பதக்கம் இல்லாமல் திரும்பினோம். அந்தத் துக்கத்தில் மூன்று ஓட்டக்காரர்களை நாடு சரியாகக் கவனிக்காமல் விட்டுவிட்டது என்பது என் அபிப்பிராயம். 800 மீட்டரில் ஸ்ரீராம் சிங் இறுதிப் போட்டிக்குப் போய் 7-ஆவதாக வந்தார். அவர் அன்று ஓடிய 1 நிமிடம் 45.77 வினாடியை முறியடிக்க 2018-இல் ஜின்சன் ஜான்சன் வர வேண்டியிருந்தது. 10,000 மீட்டரில் ஹரி சந்த் ஓடிய 28 நிமிடம் 48.72 வினாடி, 2008-இல் சுரேந்திர சிங் முறியடிக்கும்வரை தேசிய சாதனையாக இருந்தது. மூன்றாமவர் நம்மாள் சிவநாத் சிங்.

ஜூலை 31 மாலை, மழைத் தூறலில் மராத்தான் நடந்தது. முந்தைய ஒலிம்பிக்ஸ் சாம்பியன் அமெரிக்காவின் ஃபிராங்க் ஷார்ட்டர் இருந்தார். முந்தின வருடம் பாஸ்டனில் 2 மணி 9 நிமிடம் 55 வினாடியில் ஜெயித்த பில் ராட்ஜர்ஸ் இருந்தார். பின்லாந்தின் லாஸி வீரன் அதே ஒலிம்பிக்ஸில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கிவிட்டு, 5,000 மீட்டர் இறுதிப் போட்டி முடிந்த மறுநாளே இதிலும் வந்து நின்றார். இப்படிப்பட்டவர்கள் நிறைந்த முன்னணிக் கூட்டத்தில் சிவநாத் சிங்கும் தோளோடு தோள் சேர்த்து ஓடினார். பாதித் தூரம்வரை அந்தக் கூட்டத்தை விடவில்லை. அதுவரை உலகத்தில் யாரும் பெரிதாகக் கேள்விப்படாத இந்தியர் ஒருவர் அங்கே ஓடிக்கொண்டிருந்தது பலருக்கு ஆச்சரியமாகத்தான் இருந்திருக்கும்.

ஜெயித்தவர் கிழக்கு ஜெர்மனியின் வால்டெமர் சியர்பின்ஸ்கி. அவருடைய நேரமும் 2 மணி 9 நிமிடம் 55 வினாடி. ஷார்ட்டர் இரண்டாவது, வீரன் ஐந்தாவது. சிவநாத் சிங் 2 மணி 16 நிமிடம் 22 வினாடியில் 11-ஆவது. ராட்ஜர்ஸ் என்ன ஆனார் என்று கேட்டால், கடைசிக் கிலோமீட்டர்களில் கால் மடங்கி 40-ஆவதாக வந்தார். பெரிய பெயரெல்லாம் 30 கிலோமீட்டருக்கு அப்புறம் செல்லாது.

இந்த 30 கிலோமீட்டர் விவகாரத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோகலோரி செலவாகும். 60 கிலோ ஆள் என்று வைத்துக்கொண்டால் முழு மராத்தானுக்கு 2,500-க்குக் கொஞ்சம் மேலே. தசையிலும் கல்லீரலிலும் நாம் சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன், அதாவது சர்க்கரைச் சரக்கு, 400 முதல் 500 கிராம். கிராமுக்கு 4 கிலோகலோரி போட்டால் 1,600 முதல் 2,000 வரைதான் வருகிறது. மீதிக்குக் கொழுப்பை எரிக்க வேண்டும். கொழுப்பு கணக்கில்லாமல் இருக்கிறது. ஆனால் அது மெதுவாக எரியும் விறகு. வேகத்தைக் கூட்டக் கூட்ட உடம்பு சர்க்கரையைத்தான் கேட்கும். முதல் பாதியில் கிலோமீட்டருக்கு நாலைந்து வினாடி அதிகமாகச் செலவழித்தவன் 32-ஆவது கிலோமீட்டரில் அதற்கு வட்டியும் முதலுமாகக் கட்டுவான். நான் நான்கு தடவை கட்டியிருக்கிறேன்.

2 மணி 10 நிமிடக் கணக்கில் ஓடுகிறவர்களோடு சேர்ந்து ஓடினால், அந்த அளவுக்கு இன்னும் தயாராகாத உடம்பு கடைசியில் தளரத்தான் செய்யும். மாண்ட்ரியலில் சிவநாத் சிங்குக்கு நடந்ததும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் அவர் ஓட்டத்தை விடவில்லை. 11-ஆவது இடம் என்பது லேசுப்பட்ட காரியமில்லை.

அடுத்தது 1978. ஜலந்தரில் அவர் ஓடிய நேரம் 2 மணி 12 நிமிடம். அப்போது வயது 31.

நம் பழக்கப்படி இதைக் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்ப்போம். மாண்ட்ரியலில் கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 14 வினாடி. ஜலந்தரில் 3 நிமிடம் 8 வினாடிக்குக் கொஞ்சம் உள்ளே. வித்தியாசம் வெறும் 6 வினாடி. ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டு, மறுபடி இழுத்து விடுகிற நேரம். அந்த 6 வினாடிச் சொச்சத்தை 42 தடவை, ஒன்றுகூட நழுவாமல் சேர்த்தால்தான் 4 நிமிடம் 22 வினாடி வரும்.

இந்த 2 மணி 12 நிமிடத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960-இல் ரோமில் வெறுங்காலோடு ஓடி ஜெயித்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவரே 1964-இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி 2 மணி 12 நிமிடம் 11 வினாடியில் உலகிலேயே சிறந்த நேரத்தைக் கொடுத்தார். அதைவிடச் சிவநாத் சிங்கின் நேரம் 11 வினாடி குறைவு. பிகிலாவை முந்திய ஜப்பானியர் மோரியோ ஷிகெமாட்சு 1965-இல் ஓடியது சரியாக 2 மணி 12 நிமிடம். ஆக, 13 வருடத்துக்கு முன்பு உலகின் உச்சமாக இருந்த அதே எண்ணை நம்மவர் தொட்டார். 1978-இல் உச்சம் டெரெக் கிளேட்டனின் 2 மணி 8 நிமிடம் 33 வினாடிக்குப் போயிருந்தது. அது 1969-இல் ஆண்ட்வெர்ப்பில் ஓடியது. அந்தப் பாதையின் நீளத்தைப் பற்றியே சந்தேகம் கிளப்பியவர்கள் உண்டு. டேப்பை நம்பாத நம் சர்வே லேப் வாத்தியார் இருந்திருந்தால் இரண்டு தடவை அளக்கச் சொல்லியிருப்பார்.

சரி, அனுபவமுள்ள ஓட்டக்காரன் கிலோமீட்டருக்கு 6 வினாடியை எங்கிருந்து எடுப்பது? எனக்குப் புரிந்ததை நம் பாஷையில் சொல்கிறேன். ஒரு மோட்டாரில் அதன் அளவுக்கு மீறி லோடு கொடுத்து நாள் முழுக்க ஓட்டினால் சூடாகும், காயில் எரியும். அதே லோடைப் பெரிய மோட்டாரில் போட்டால் சத்தமில்லாமல் ஓடும். மராத்தான் வேகம் என்பது லோடு. 5,000 மீட்டர் வேகம் என்பது மோட்டார். 5,000 மீட்டரை 14 நிமிடத்தில் ஓடக்கூடியவனுக்குக் கிலோமீட்டர் 2 நிமிடம் 48 வினாடி. அவனுக்கு 3 நிமிடம் 8 வினாடி என்பது 20 வினாடி நிதானமான ஓட்டம். டெஹ்ரான் தங்கம் சிவநாத் சிங்குக்குக் கொடுத்தது இந்தப் பெரிய மோட்டாரைத்தான் என்பது என் கட்சி.

மோட்டார் மட்டும் போதாது. இரத்தத்தில் லாக்டேட் ஏறிக்கொண்டே போகாமல், ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிற வேகம் ஒன்று ஒவ்வொருவருக்கும் உண்டு. அந்த வேகத்தை ஒட்டி வாரம் ஒருநாள் 25, 30 நிமிடம் ஓட வேண்டும். நீண்ட ஓட்டத்தின் கடைசி 10 கிலோமீட்டரைப் போட்டி வேகத்தில் ஓடிப் பழக வேண்டும். மற்ற நாட்களில் பக்கத்தில் வருபவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டு போகிற அளவுக்கு மெதுவாக ஓட வேண்டும். என்னைப் போன்றவர்கள் செய்கிற பெரிய தப்பே இந்தக் கடைசி விஷயத்தில்தான். தினமும் ஒரே அரைவேக்காட்டு வேகம். வேகம் கூடவும் கூடாது, உடம்பு தேறவும் தேறாது. அவிநாசிபாளையத்திலிருந்து கொடுவாய் ரோட்டில் நான் ஆறு வருடம் ஓடியது அந்த ஓட்டம்தான்.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது: ஓய்வு. சிவநாத் சிங் காலத்தில் உலக அளவில் ஓடியவர்கள் வாரத்துக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் சர்வசாதாரணமாக ஓடினார்கள். நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர் காட்டிய வழி அது. அவ்வளவு ஓடுகிறவன் காலையில் ஓடி, சாப்பிட்டு, தூங்கி, சாயங்காலம் மறுபடி ஓட வேண்டும். அந்த நேரத்தை யாராவது அவனுக்குக் கொடுத்தாக வேண்டும். சிவநாத் சிங்குக்கு முதலில் ராணுவம் கொடுத்தது. பிறகு அவர் ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீலில் இருந்தார். 1912-லேயே 8 மணி நேர வேலையைக் கொண்டுவந்த கம்பெனி அது. விளையாட்டுக்காரர்களுக்கு வேலை கொடுத்து வைத்துக்கொள்வதிலும் பெயர் பெற்றது.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்கும் போனார். 34 வயது. அந்த ஓட்டத்தை அவரால் முடிக்க முடியவில்லை. சியர்பின்ஸ்கி மறுபடியும் ஜெயித்தார். நாட்டின் சாதனையைக் கையில் வைத்திருப்பவரே பாதி வழியில் ஒதுங்க நேர்கிற பந்தயம் அது. மராத்தானில் எந்த நாளும் முன்கூட்டி உத்தரவாதம் கிடையாது. 2003 ஜூன் 6 அன்று சிவநாத் சிங் காலமானார். வயது 56. அர்ஜுனா விருது வாங்கியவர் என்பதுகூட நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் இறந்தபோது ஜலந்தர் நேரத்துக்கு 25 வயது. அதற்குப் பிறகும் பல வருடங்களுக்கு அது அசையவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் டி. கோபி 2 மணி 15 நிமிடம் 25 வினாடி, கேத்தா ராம் அதைவிட ஒரே ஒரு வினாடி அதிகம். 2019-இல் சியோலில் கோபி 2 மணி 13 நிமிடம் 39 வினாடி ஓடினார். கையில் ஜி.பி.எஸ். வாட்ச், வழியில் குடிக்க ஜெல், ஆராய்ச்சி செய்து தயாரித்த உணவு எல்லாம் வந்த காலம். அப்போதும் இன்னும் 99 வினாடி பாக்கி இருந்தது. கோபி, கேத்தா ராம் இருவருமே ராணுவத்துக்காரர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் வேகமாக மராத்தான் ஓட, ஓடுவதற்குச் சம்பளம் கொடுக்கிற ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் கம்பெனியில் கட்டிங் பகுதியில் ஒரு தம்பி இருக்கிறான். வெளி மாவட்டத்திலிருந்து வந்தவன், 20 வயது. ஆயுத பூஜைக்கு வைத்த ஓட்டப் பந்தயத்தில் வெறுங்காலோடு ஓடி எல்லோரையும் ஒரு சுற்றுப் பின்னால் விட்டான், என்னையும் சேர்த்துத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிப்போய், அளந்து வைத்த 5 கிலோமீட்டரில் ஓடவிட்டேன். 16 நிமிடம் 40 வினாடி. கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 20 வினாடி. பயிற்சி என்றால் என்னவென்றே தெரியாதவனுக்கு இது அசாத்தியம். சிவநாத் சிங் அதைவிட 12 வினாடி வேகமாக 42 கிலோமீட்டரை ஓடினார் என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. செருப்பு கூடப் போடாமலா என்று மட்டும் கேட்டான்.

அவன் பார்ப்பது ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரைக்கு வெளியே. ஷிப்மென்ட் நேரத்தில் அதற்கும் மேலே. கால் வீங்க நின்றுவிட்டு வருகிறவனிடம் போய் லாக்டேட் பற்றியும் நீண்ட ஓட்டம் பற்றியும் பேச எனக்கே கூச்சமாக இருந்தது. அரை ஷிப்டை விட்டால் வீட்டுக்கு அனுப்புகிற பணம் குறையும். நமக்கு ஓட்டம் உடம்புக்கு நல்லது, அவனுக்கு அது கூலியில் பிடித்தம்.

மேனேஜரிடம் போய் உட்கார்ந்து பேசினேன். முதலில் சிரித்தார். ஜலந்தர் கணக்கையும் 99 வினாடிக் கணக்கையும் ஒரு பேப்பரில் போட்டுக் காட்டினேன். செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு அவனை விடுவது என்றும், அந்த அரை ஷிப்டுக்கான பணத்தில் பாதியைக் கம்பெனி கொடுப்பது என்றும் ஒத்துக்கொண்டார். மீதிப் பாதியை நானும் என் பேட்ச் நண்பர்கள் மூன்று பேரும் மாதாமாதம் போட்டுக்கொள்கிறோம்.

என் நேரத்தைக் கேட்பீர்கள். 5 கிலோமீட்டரைக் குறைக்க ஒன்றரை வருடம் செலவழித்த பிறகு, சென்னையில் 3 மணி 34 நிமிடத்துக்கு வந்தேன். 32-ஆவது கிலோமீட்டரில் இன்னும் வட்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நம் கூட்டம் நடக்கிற ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஹாஸ்டல் கேட் முன்னால் நிற்பேன். மைதானத்தில் பன்னிரண்டரைச் சுற்று, அதாவது 5,000 மீட்டர். கூட ஓட விரும்புகிறவர்கள் வரலாம். அந்தத் தம்பியும் வருகிறான். பஸ் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஷூ வாங்கித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.